பழைய கணினியில் புதிய இயங்குதளம்: சொல்லிவிட்டு ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட பிறகு, தங்கள் கணினியை இனி என்ன செய்வது என்று கேட்டு என் வீட்டுக்கு வருவோர் அதிகமாகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு கடைக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள். ‘இது பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள்; ‘விண்டோஸ் 11 போட்டு வைக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று வேறு சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் பதில் பல வேளைகளில் வீண் செலவில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது பதிலில் தவறில்லை. ஆனால் எந்த வழியில் ஏற்றினோம், ஏற்றிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கணினிக்கு உரியவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பி வைப்பது பெரிய தவறு. அதைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியே பேசவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய கணினிகள் மிகுதியாகப் புழங்குவதற்குக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றுள் பல இன்னும் வீட்டுப் பீரோவில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. அக்காவுக்கு வந்ததைத் தம்பி எடுத்துப் படிக்கிறான். இன்னொரு வழி பெங்களூரு. அங்குள்ள நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழித்துவிடும் மடிக்கணினிகள் எஸ்.பி. சாலைக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து ஓசூர் வழியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. உறுதியான கட்டமைப்பும் நல்ல கீபோர்டும் கொண்ட அந்தக் கணினிகள், புதியவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. தக்காளி விலை சரிந்துபோன ஓர் ஆண்டில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு விவசாயக் குடும்பத்தால் வாங்கித் தர முடிவது அதைத்தான். அதை வாங்கிய இரண்டாம் ஆண்டே ‘இது செல்லாது’ என்று சொல்வது அந்தக் குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இயந்திரம் உண்மையிலேயே செல்லாமல் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. 2021 அக்டோபர் 5-இல் வெளியான விண்டோஸ் 11, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி கொண்ட யுஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0 ஆகியவற்றைக் கேட்கிறது. யுஇஎஃப்ஐ என்பது கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளின் புதிய வகை; நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே தொடங்க விடுவது செக்யூர் பூட். டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளை ஹார்ட் டிஸ்கில் வைக்காமல் தனியே பூட்டிக் காக்கும் ஒரு பாதுகாப்புச் சில்லு. இவற்றோடு, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்தான் ஏற்போம் என்று பிராசசர் பட்டியல் ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பாதுகாப்பையும் நம்பகத்தன்மையையும் அதற்குக் காரணமாகச் சொன்னது. அக்காரணத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் அந்நிறுவனம் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்த 7-ஆம் தலைமுறைப் பிராசசர் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே தலைமுறையைச் சேர்ந்த, நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஐ5-7200யு சேர்க்கப்படவில்லை. ஆகவே, பட்டியலில் இல்லாத கணினியெல்லாம் வேலைக்கு உதவாத கணினி என்று கொள்ள வேண்டியதில்லை.

கடந்த கார்த்திகை மாதத்தில் காவேரிப்பட்டணத்திலிருந்து மாங்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ‘டிபிஎம் இல்லையாம் சார், வேறு வாங்கச் சொல்லிவிட்டார்கள்’ என்றார். அடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். இன்டெல் 8-ஆம் தலைமுறை. பட்டியலில் உள்ள பிராசசர்தான். பயாஸுக்குள், அதாவது இயங்குதளம் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், சென்று பார்த்தால் பிடிடி என்ற அமைப்பு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் கணினிகளில் டிபிஎம் வேலையைச் செய்யும் வசதியின் பெயர் அதுதான். ஏஎம்டி கணினிகளில் அதை எஃப்டிபிஎம் என்பார்கள். அதை இயக்கிவைத்தேன். ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருந்ததால், தரவுகளைத் தனியே நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றி, யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் இரண்டையும் இயக்கினேன். முறைப்படியான வழியிலேயே விண்டோஸ் 11 ஏறியது. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்காக அவர் நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்க இருந்தார். இதைச் செய்ய முனைவோருக்கு ஓர் எச்சரிக்கை: ஹார்ட் டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் வசதி கணினியில் இயங்கினால், பயாஸில் கை வைக்கும் முன் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 48 இலக்கங்கள் கையில் இல்லாவிட்டால், பூட்டிய பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டிவரும்.

என்னை உண்மையில் வருத்தப்படுத்தியது இன்னொரு கணினி. பென்னாகரம் பக்கத்தைச் சேர்ந்த, பி.எட். படிக்கும் மாணவி ஒருவர், 6-ஆம் தலைமுறைப் பிராசசர் கொண்ட ஒரு பழைய மடிக்கணினியை வைத்திருக்கிறார். 2023-இல் ஒரு கடையில் அதில் விண்டோஸ் 11 ஏற்றித் தந்திருக்கிறார்கள். அண்மையில் கணினி மெதுவாகிவிட்டது என்று கொண்டுவந்தார். பதிப்பு எண்ணைப் பார்த்தேன்: 22எச்2. கடைசியாகத் திருத்தம் வந்த மாதத்தைப் பார்த்தேன்: 2024 அக்டோபர். அந்தப் பதிப்பின் வீட்டுப் பயன்பாட்டு வகைக்கு ஆதரவு முடிந்ததே 2024 அக்டோபர் 8-ஆம் தேதிதான். ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கணினி எந்தத் திருத்தமும் இல்லாமல் இணையத்தில் இருந்திருக்கிறது. ‘பதினொன்றுதானே சார் போட்டிருக்கிறது, அது புதியதுதானே?’ என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருந்தது. அது மட்டுமல்ல, உரிமம் பெறுவதற்கென்று ஏதோ ஒரு திருட்டு ஆக்டிவேட்டரை நிறுவி, அது பிடிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அது இருந்த ஃபோல்டரை விண்டோஸ் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதிக்காதபடியும் செய்து வைத்திருந்தார்கள். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிய கதைதான். இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் திருட்டு வேலைக்குத் தேவையே இருக்கவில்லை. அது ஒரு நிறுவனத்தில் பயன்பட்ட கணினி. விண்டோஸ் 10 ப்ரோ உரிமம் அதன் பயாஸிலேயே பதிந்திருந்தது. அதைக் கொண்டே விண்டோஸ் 11 ப்ரோ முறையாக ஆக்டிவேட் ஆகிவிட்டது.

பட்டியலில் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 ஏற்றுவது இன்று கடினமான வேலையல்ல. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பென்டிரைவ் தயாரிக்கும்போது, டிபிஎம், செக்யூர் பூட், ராம் ஆகியவற்றுக்கான சோதனைகளை நீக்கும்படி தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து, டிபிஎம் 1.2 கொண்ட கணினிகளில் ஏற்றும் வழியை மைக்ரோசாஃப்டே 2021-இல் வெளியிட்டது. பின்னர் அதை நீக்கிவிட்டது. ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் பெறும் உரிமை இல்லை என்று அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. நடைமுறையில் மாதாந்திரத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புதான் தானாக வருவதில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்களே ஆதரவு என்பதால், யாரேனும் கையால் அடுத்த பதிப்பை ஏற்றாவிட்டால், மாதாந்திரத் திருத்தங்களும் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். அந்த மாணவியின் கணினிக்கு நேர்ந்தது இதுதான்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு முதல், எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசசர்களில் விண்டோஸ் 11 பூட் ஆகவே ஆகாது. கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் பிராசசர் உள்ள கணினிகளை இதில் எந்தத் தந்திரத்தாலும் சேர்க்க முடியாது. சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்பைத்தான் ஏற்றப்போகிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

எனவே கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ரசீதின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: இந்தக் கணினி பட்டியலில் உள்ளதா, இல்லையா, எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டது, அதன் ஆதரவு எந்த மாதம் முடிகிறது, உரிமம் எங்கிருந்து வந்தது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். நம் ஊர்க் கடைக்காரர்களில் பெரும்பாலோர் தாமாகவே தொழில் கற்று, நேர்மையாக உழைத்து முன்னுக்கு வந்தவர்கள். வண்டியில் ஆயில் மாற்றினால் அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அட்டையில் எழுதிக் கொடுப்பதுபோல, இதையும் அவர்களால் வழக்கமாக்கிவிட முடியும்.

விண்டோஸ் இல்லாமலே வேலை நடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு மறந்திருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. நான் பணியாற்றிய காலத்தில், மாணவர்கள் அதைத் தவறுதலாகத் திறந்துவிட்டால் உடனே மூடிவிட்டு விண்டோஸுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் அதை உரிய முறையில் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகளின் 2013-ஆம் ஆண்டு மடிக்கணினியை எடுத்தேன். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தையும், கூடுதலாக 4 ஜிபி ராமையும் பொருத்தி, லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை ஏற்றினேன். உதிரிபாகங்களுக்கு ஆன செலவு மூவாயிரம் ரூபாய்க்குள்தான். இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. அவள் மகன் அதில் பாட வீடியோ பார்க்கிறான். லிப்ரே ஆஃபீஸில் தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரை தட்டச்சு செய்கிறான். 2029 ஏப்ரல் வரை அதற்குத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரி 14-ஆம் தேதியே ஆதரவு முடிந்துவிட்டது; அதே காலத்து மடிக்கணினிகள் பல இன்னமும் அதே விண்டோஸ் 7-உடன் இணையத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் எல்லோரையும் லினக்ஸுக்கு வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. டேலி பயன்படுத்தும் கணக்கர், வானவில் எழுத்துருவில் இருபதாண்டுகளாகப் பத்திரம் தட்டச்சு செய்துவரும் டிடிபி கடைக்காரர், விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் உள்ள கைரேகைக் கருவியை வைத்துத் தொழில் நடத்தும் சேவை மையத்தார் ஆகியோருக்கு அது இன்றைக்கு ஒத்துவராது. அவர்கள் விண்டோஸ் 10-இலேயே இருப்பதானால், மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அது திருத்தங்கள் தருகிறது. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்புநகல் எடுத்துக்கொண்டால் கட்டணமும் இல்லை. ஆனால் நம் பகுதியில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

‘என் கணினியில் திருட என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் அப்போது உலகெங்கும் பரவி, கிருஷ்ணகிரியை ஒட்டியுள்ள சித்தூர் உட்பட ஆந்திர மாவட்டங்கள் சிலவற்றில் காவல் துறைக் கணினிகளையும் முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதை ஏற்றாத கணினிகளே மாட்டிக்கொண்டன. ஒரு சேவை மையக் கணினியில் ஊராரின் ஆதார் எண்களும், பட்டா நகல்களும், வங்கிப் புத்தகப் பக்கங்களும் நிறைந்து கிடக்கின்றன. அந்த மேசைக்கு முன் வரிசையில் நிற்பவர் அதன் இயங்குதளம் எது என்று கேட்கப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

அரசிடம் இரண்டு வேண்டுகோள்கள். கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்பு, கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர் என்ற மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. விண்டோஸ் 10 கணினிகள் உள்ள அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இதைப் பெற்றுத் தந்தால், அந்த ஆய்வகங்களை அவசரப்பட்டுக் கழித்துக்கட்ட வேண்டியிருக்காது. அடுத்து, பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை மக்களின் பழைய கணினிகளைச் சோதித்து, உரிய இயங்குதளத்தை ஏற்றித் தர மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யலாம். விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டுக்குமான பென்டிரைவ்கள் என்னிடம் ஆயத்தமாக உள்ளன. முகாம் எந்த ஊரில் நடந்தாலும் அவற்றோடு வந்து, நாள் முழுவதும் உடனிருந்து வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினிப் பயிற்றுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.