கோபுரம் படம் போடுறீங்க, அந்தப் புழுதிய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வருஷா வருஷம் செப்டம்பர் 11 வந்தா நியூயார்க் ரெட்டை கோபுரம் படம் போட்டு அஞ்சலி எழுதுறீங்க, ரொம்ப நல்லது. ஆனா அது இடிஞ்சப்ப கிளம்பின புழுதிய பத்தி ஒரு வரி கூட நான் பாத்ததில்ல.

2001ல அந்த கோபுரங்களுக்கு கிட்ட, வால் ஸ்ட்ரீட் பக்கத்துல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை எனக்கு. 17ஆம் தேதியே ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச திறந்துட்டாங்க, எங்களையும் வரச்சொல்லிட்டாங்க, மறுநாளே சுற்றுச்சூழல் ஏஜென்சி தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் காத்துல ஆபத்து இல்ல, தாராளமா சுவாசிக்கலாம்னு சொன்னாங்க, நம்பினோம். கீபோர்டு இடுக்குல கோலமாவு மாதிரி படிஞ்சு கிடந்தத நான்தான் ஈர டிஷ்யூ வச்சு தொடச்சேன், மூக்குல ஒரு கர்ச்சீப் கூட கட்டல. அது தெருப்புழுதி இல்லைங்க. சிமெண்ட், ஜிப்சம், கண்ணாடி நார், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் பொடியானது, சுண்ணாம்பு மாதிரி காரம், தொண்டை எரியும். இடிபாட்டுக்குள்ள தீ வேற டிசம்பர் வரைக்கும் எரிஞ்சுது.

இருமல் அப்ப பிடிச்சது, இன்னும் விடல. ரெண்டு மாடி ஏறினா நெஞ்சு அடைக்கும். ஆனா ஊதிப் பாக்குற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எப்ப எடுத்தாலும் நார்மல், ஒரு டாக்டர் டென்ஷன குறைங்கன்னு அனுப்பிட்டார், நானே பல வருஷம் எல்லாம் பிரமையோன்னு நினைச்சிட்டேன். அப்புறம்தான் ஆசிலோமெட்ரின்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு கையால கன்னத்த அழுத்திப் பிடிச்சுக்கிட்டு சாதாரணமா மூச்சு விட்டா போதும், மெஷின் குழாய் வழியா லேசா அதிர்வு அனுப்பும். அதுல தெரிஞ்சுது, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சின்ன மூச்சுக்குழாய்ங்க கெட்டுப்போயிருக்கு. பெரிய குழாய் நல்லா இருந்தா ஊதுற டெஸ்ட்ல இது தப்பிச்சிடலாமாம். பெல்வியூ ஆஸ்பத்திரி டாக்டர்ங்க இத வச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. இன்ஹேலர் போடுறேன், கொஞ்சம் பரவாயில்ல, முழுசா போகல.

தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும்தான் உதவின்னு நம்மாளுங்க பலபேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. நியூயார்க் மன்ஹாட்டன்ல ஹவுஸ்டன் ஸ்ட்ரீட்டுக்கு தெக்க அப்ப வேலை பாத்தவங்க, குடியிருந்தவங்க, படிச்சவங்க, கிளீனிங் பண்ணவங்க எல்லாரும் வேர்ல்டு டிரேட் சென்டர் ஹெல்த் புரோகிராம்னு அமெரிக்க அரசோட வைத்தியத் திட்டத்துல அப்ளை பண்ணலாம். 2011ல ஒபாமா கையெழுத்துப் போட்ட ஜட்ரோகா சட்டத்துல வந்த திட்டம் இது, இப்ப 2090 வரைக்கும் நீட்டியிருக்காங்க. அந்தப் புழுதியால வந்த நோய்னு அவங்க ஏத்துக்கிட்டா வைத்தியத்துக்கு கைக்காசு போகாது.

உங்க வாசகர்கள்ல யாரோட பையனோ பொண்ணோ அப்ப அங்க வேலை பாத்து இன்னும் இருமிக்கிட்டு இருக்கலாம். இந்த செப்டம்பர்ல அஞ்சலி பக்கத்துல இதையும் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூஜெர்சி