மகஜர்களின் பட்டியலும் போருக்கான அழைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பற்றிக் ஹென்றி 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்ட் நகரின் புனித ஜோன் தேவாலயத்தில் ஆற்றிய உரையைத் தங்கள் வாரமலரின் மாணவர் பக்கத்தில் படித்தேன். பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பிரதிநிதிகளை ஆயுதமேந்தத் தூண்டிய அந்த உரையைப் பேச்சுப் போட்டிகளுக்கு மாதிரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். தகுதியான மாதிரிதான். ஆனால் சுதந்திரம் அல்லது மரணம் என்ற கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, கூட்டத்தை அந்த வரிவரை அவர் எப்படி அழைத்துச் சென்றார் என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

உரையின் பலம் நடுவில் இருக்கிறது. விண்ணப்பித்தோம், ஆட்சேபித்தோம், மன்றாடினோம், அரியணையின் முன் விழுந்தோம் என்று அடுக்குகிறார் ஹென்றி. பிறகு ஒவ்வொன்றுக்கும் கிடைத்த அவமதிப்பைச் சொல்கிறார். எல்லாம் கேட்பவர்கள் கண்முன் நடந்தவை; மறுக்க இடமில்லை. இத்தனை கப்பல்களும் படைகளும் யாரை அடக்க வந்தன என்று விடை தெரிந்த கேள்விகளை இடையிடையே போடுகிறார். பட்டியல் முடியும்போது போர் ஒன்றே மிச்சம் என்று தோன்றிவிடுகிறது.

இந்த வரிசை இலங்கைத் தமிழராகிய நமக்குப் புதிதா? 1956 ஜூன் 5 அன்று சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 இன் பண்டா - செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. டட்லி சேனநாயக்கவுடன் செல்வநாயகம் செய்த 1965 இன் டட்லி - செல்வா ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. எத்தனை மேடைகளில் இதைக் கேட்டு வளர்ந்தோம்! ஒவ்வொன்றும் உண்மை. அதனாலேயே, இனிப் பேசிப் பயனில்லை என்ற முடிவும் அவற்றோடு சேர்ந்து உண்மையாகிவிட்டது. அது தனியாக நிறுவப்பட வேண்டிய கூற்று என்பது நம்மில் பலருக்குத் தோன்றவில்லை. தெற்கிலும் 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முன் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அவற்றில் ஒன்று மலையகத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவிகளாகக் காட்டியது. மெய்யான வறுமையோடு பொய்யான பகையும் அந்தப் பிள்ளைகளின் மனதில் ஏறியது.

ஹென்றி எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்றார். ஆனால் சண்டை தொடங்கிய பின்னரும், 1775 ஜூலையில், அமெரிக்கக் காங்கிரஸ் மன்னருக்கு இன்னொரு சமாதான விண்ணப்பத்தை அனுப்பியது. மன்னர் அதை ஏற்க மறுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹென்றியின் கணிப்பே சரி என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தைத்தான் மாணவர்கள் வகுப்பறையில் நடத்திப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஒரு மாணவன் மணிக்கட்டுகளைக் குறுக்காகப் பிடித்து, கடைசி வரியில் விலங்கை அறுப்பதுபோல் கைகளை உதறினான். அரங்கம் அதிர்ந்தது. யாருடைய விலங்கு என்று பிறகு கேட்டேன். பிரித்தானியர் பூட்டியது என்றான். ஹென்றியே அடிமைகளை வைத்திருந்தவர் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 1773 இல் எழுதிய ஒரு கடிதத்தில் அடிமைமுறை தவறென்று ஒப்புக்கொண்டு, அடிமைகள் இல்லாமல் வாழ்வது வசதிக்குறைவு என்றும் எழுதியவர் அவர். அத்தனை நல்ல குரல் உள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் மேடையேற்றுவது அநியாயம்.

இன்று நாம் படிக்கும் வாசகமும் ஹென்றி எழுதி வைத்தது அல்ல. அவர் 1799 இல் இறந்தபின், கேட்டவர்களின் நினைவுகளைக் கொண்டு வில்லியம் வேர்ட் தாம் எழுதிய ஹென்றியின் வாழ்க்கை வரலாற்றில் 1817 இல் வெளியிட்டது. அடுத்த உரையைப் பிரசுரிக்கும்போது இப்படிப்பட்ட குறிப்புகளையும், அன்று எதிர்த்து நின்றவர்களின் நியாயத்தையும் பக்கத்திலேயே தாருங்கள். போட்டி நடத்துவோர், பேசி முடித்த மாணவரிடம் சபையோர் கேள்வி கேட்கச் சில நிமிடங்கள் ஒதுக்கி, அதற்கும் புள்ளி வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழும்பு - 06