608-க்கு அப்புறம் 510

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய எர்பியம்-158 அணுக்கருவின் காமா கதிர் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தேன். ஒரு கோடு வரிசையில் ஒட்டாமல் நிற்கிறது, வேறு அணுக்கருவிலிருந்து வந்து கலந்ததாக இருக்கும், எடுத்துவிடட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே. எர்பியம்-158 அப்படித்தான்.

குறைந்த சுழற்சி நிலையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு வா: 192, 335, 443, 523, 579, 608 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். நீண்ட வடிவமுள்ள அணுக்கரு ஒட்டுமொத்தமாகச் சுழன்றால், மேலே போகப் போக காமா கதிரின் ஆற்றல் ஏறிக்கொண்டே போக வேண்டும். இதுவரை சரி. அடுத்தது 510. அதற்கு மேலே 473. அப்புறம்தான் 566 என்று மறுபடி ஏறுகிறது. சுழலும் வேகத்தைக் காமா ஆற்றலின் பாதியாகத்தானே எடுக்கிறோம்? அப்படியானால் இங்கே கோண உந்தம் கூடுகிறது, வேகம் குறைகிறது!

கோண உந்தத்தையும் வேகத்தையும் வரைபடமாகப் போட்டால் வளைவு இங்கே பின்னால் மடங்கும்; இதை 1971-ல் ஸ்டாக்ஹோமில் டிஸ்ப்ரோசியம்-160-ல் கண்டார்கள். அடுத்த வருஷமே ஸ்டீபன்ஸும் சைமனும் காரணம் சொன்னார்கள். நியூட்ரான்கள் ஜோடி ஜோடியாக, ஒன்றின் கோண உந்தத்தை மற்றது ரத்து செய்தபடி இருக்கின்றன. சுழற்சி வேகமெடுத்ததும் கோரியாலிஸ் விசை ஒரு ஜோடியைப் பிரித்து, இரண்டையும் சுழலும் அச்சின் பக்கம் திருப்பிவிடுகிறது. i13/2 என்ற, கோண உந்தம் அதிகமுள்ள சுற்றுப்பாதையின் நியூட்ரான்கள்தான் முதலில் பிரியும். அந்த இரண்டு மட்டுமே 12 அலகு கோண உந்தம் வரை கொடுத்துவிடும். மீதிக் கரு வேகமாகச் சுற்ற வேண்டிய தேவை போய்விடுகிறது.

அதிவேகச் சுழற்சி என்றாலே எல்லாரும் டிஸ்ப்ரோசியம்-152 பக்கம் போய்விடுவார்கள். 1986-ல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் கிடைத்தது, நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, கோடுகளுக்கு நடுவே சீராக 47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உன் எர்பியம்தான் பிடிக்கும். ஸ்பின், அதாவது மொத்தக் கோண உந்தம், 46 அலகை நெருங்கும்போது அது நீண்ட வடிவத்தை விட்டுத் தட்டையாகிவிடுகிறது. கடோலினியம்-146 என்ற உள்ளகத்துக்கு வெளியே இருக்கும் 4 புரோட்டான், 8 நியூட்ரான் அத்தனையும் திரும்பி முடித்துவிட்டன. அவற்றிடம் கொடுக்க இன்னும் ஒரு அலகுகூட மிச்சமில்லை, சுழற்சிப் பட்டை, அதாவது இந்தக் கோடுகளின் தொடர், அங்கேயே முடிகிறது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று நினைத்திருந்த இடத்தில், 2007-ல் காமாஸ்பியர் என்ற காமா உணர்கருவித் தொகுதியை வைத்துப் பார்த்தவர்களுக்கு ஸ்பின் 65 வரை மறுபடியும் சுழற்சிப் பட்டைகள் தெரிந்தன. ரொம்ப மங்கலாக, பத்தாயிரத்தில் ஒரு பங்கு வலிமையில்.

உன் தரவில் அவ்வளவு மேலே தெரியாது, தேடி நேரத்தை வீணாக்காதே. 510-இல் கேட் போட்டு, அதாவது 510-உடன் ஒரே நேரத்தில் வந்த கதிர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார். 608-உம் 473-உம் சேர்ந்து எழுந்தால் உன் சந்தேகம் தீர்ந்தது. கோணப் பரவலையும் ஒரு தடவை சரிபார்த்துவிடு, இரண்டு அலகு கோண உந்தம் கொண்டுபோகும் நான்முனைக் கதிர்தானா என்று. படத்தை மட்டும் அனுப்பாமல் எண்ணிக்கைகளையும் சேர்த்து அனுப்பு. கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன உச்சிகள் எனக்குத் தெரிய மாட்டேன் என்கின்றன.

அன்புடன்,
அம்மா