போல்ட் குழியைப் பார்த்துவிட்டு ஹெட்டை ஏற்று

அன்பு மகளுக்கு,

இன்ஜின் சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டை மட்டம் பிடித்து வாங்கி வந்துவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை ஏற்றப்போகிறாய் என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

சிலிண்டர்களில் துணியை அடைத்துக்கொண்டு, ஹெட் உட்காரும் பிளாக்கின் முகத்தைச் சுரண்டு. இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டில் பழையது துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. விரலால் தடவிப் பார்; கண்ணுக்குத் தப்பியது விரலில் தட்டும்.

அப்புறம் போல்ட் இறங்கும் குழிகள். இதை நிதானமாகப் படி. அடி மூடிய குழியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் அதற்குப் போக வழி கிடையாது. போல்ட் இறங்க இறங்க அழுத்தம் ஏறி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நான் ஒரு பிளாக்கை அப்படித்தான் உடைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், ரெஞ்ச் சட்டென்று லேசாகிவிட்டது. குழியைத் துடைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அன்று ராத்திரி யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். கம்பியில் துணி சுற்றி ஒவ்வொரு குழியின் அடிவரைக்கும் விட்டு எடு. காய்ந்து வரும்வரை விடாதே.

கேஸ்கட்டில் மேல்பக்கம் எது என்று குறித்திருக்கும். தண்ணீர் ஓட்டைகள் நேராக வருகின்றனவா என்றும் பார்த்துக்கொள். ஹெட்டைத் தனியாகத் தூக்காதே, துணைக்கு ஆள் வேண்டும். கேஸ்கட்டின் மேல் வைத்து இழுத்தால் அது கிழியும். வால்வை இயக்கும் புஷ் ராட் ஒவ்வொன்றும் அடியில் இருக்கும் டேப்பட்டின் குழிவில் உட்கார்ந்ததா என்று தொட்டுப் பார்.

முடுக்கும்போது நடுவிலிருந்து வெளியே போ. விரிப்பை நடுவிலிருந்து நீவினால்தானே சுருக்கம் ஓரத்துக்குப் போகும்? ஒரேயடியாக முடுக்காதே. கையேட்டில் 60 அடி-பவுண்ட் என்றிருந்தால் 20, 40, 60 என்று மூன்று சுற்று. போல்ட் மரைக்கு எண்ணெய் தடவுவதா வேண்டாமா என்பதற்கும் கையேடு சொல்வதுதான் கணக்கு.

பழைய வகை கேஸ்கட் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அதனால் இன்ஜினை ஓடவிட்ட பிறகு கையேட்டில் உள்ள முறைப்படி மறுபடி முடுக்க வேண்டும். ஹெட் இறங்கினால் வால்வு இடைவெளியும் மாறும். அந்த இடைவெளியை மறுபடி முடுக்கிய பிறகு செட் பண்ணு.

ஞாயிறு ராத்திரி போன் பண்ணு. வண்டி ஓடியதா என்று அப்புறம் கேட்கிறேன். முதலில் குழிக்குள் விட்ட துணி காய்ந்து வந்ததா, அதைச் சொல்.

அன்புடன்,
அப்பா