ரேம் வாங்க வரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முழுப்பரீட்சை விடுமுறை தொடங்கியதிலிருந்து காரைக்குடியில் நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ரேம்தான். "அண்ணே, கேமில் மாட் போட்டேன், திக்கித் திக்கி ஓடுது, 32 ஜிபி போட்டுக் கொடுங்க" என்று கையில் பணத்தோடு வந்து நிற்கிறார்கள். ரேம் என்பது கேம் ஓடும்போது தனக்கு வேண்டியதைப் பரப்பி வைக்கும் கணினியின் தற்காலிக மெமரி. மாட் என்பது கேமோடு நாமாகச் சேர்க்கும் கூடுதல் நிரலும் படமும். 2025 கடைசியில் மெமரி விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரியைச் செய்வதில் தயாரிப்பாளர்கள் இறங்கிவிட்டதால் வீட்டுக் கணினிக்கு வருவது குறைந்தது. இந்த விலையில் உங்களுக்குத் தேவைப்படாத ஒன்றை விற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒருமுறை நான் அப்படி விற்றிருக்கிறேன். பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி பேரனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் எண்பது மாட் சேர்த்து ஆடுகிறான், பாதியில் நின்றுவிடுகிறது என்றார்கள். 8 ஜிபி இருந்த கணினியில் இன்னொரு 8 போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே கோளாறோடு திரும்பி வந்தார்கள். அப்போதுதான் கேமைத் தொடங்கும் லாஞ்சரைத் திறந்து பார்த்தேன். கேமை இயக்கும் ஜாவாவுக்கு 2 ஜிபி என்று எழுதியிருந்தது. கணினியில் 16 இருந்தாலும் 64 இருந்தாலும், எக்ஸ்எம்எக்ஸ் என்று தொடங்கும் அந்த ஒரு வரியில் உள்ள அளவுக்கு மேல் கேம் தன் உலகத்தை விரிக்க முடியாது. அதை 4 ஆக்கினேன், ஓடியது. பழைய 8 ஜிபியிலேயே ஓடியிருக்கும். ரேமைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் முழுப் பணத்தையும் கொடுத்தேன். அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் யாருக்கும் ரேம் போடுவதில்லை.

சரி, கணினியில் இருக்கும் ரேம் முழுவதையும் அந்த வரியில் எழுதிவிடலாமே என்றால், அதுவும் கூடாது. ஜாவா தான் பயன்படுத்தி முடித்ததை உடனுக்குடன் அப்புறப்படுத்தாது. குப்பையாகச் சேரவிட்டு, பிறகு மொத்தமாகப் பெருக்கித் தள்ளும். இடத்தைத் தேவைக்கு மேல் கொடுத்தால் குப்பையும் அதிகம் சேரும். பெருக்கும் நேரத்தில் திரை சட்டென்று உறைந்துவிடக்கூடும். அந்த வரியில் எழுதியது போக ஜாவா வெளியிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், விண்டோஸுக்கும் பங்கு வேண்டும். பெரிய மாட் பேக்குகளுக்கு, அதாவது மாட் தொகுப்புகளுக்கு, பெரும்பாலும் 6 முதல் 8 ஜிபி சொல்வார்கள். அப்படி ஆடுகிறவருக்குக் கணினியில் 16 இருப்பது நியாயம்.

அடுத்து நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புவது கேமில் சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களைப் பற்றி. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தன் ஐயா வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, மைன்கிராஃப்டில் அதே தரையோடு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். முகப்பு, பட்டாலை, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் எந்தப் பகுதியையும் விடவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றிச் செய்யும் அந்தக் கல்லின் பளபளப்பைத் திரையில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் கேம் நகரவே இல்லை. ரேம் 16 ஜிபி, அதில் பாதி சும்மா கிடந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மைன்கிராஃப்டில் கட்டைகளின் மேல் ஒட்டும் சொந்தப் படம் ஒவ்வொன்றும் பொதுவாக 16க்கு 16 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 1,024 பைட், அதாவது 1 கேபி. தம்பி வைத்திருந்ததோ 1024க்கு 1024. அது ஒன்றுக்கு 4 எம்பி, 4,096 மடங்கு. தரை, சுவர், தூண், நிலைக்கதவு என்று ஆயிரம் படம் ஆகும்போது 4 ஜிபியைத் தொடுகிறது. அது போய் உட்காரும் இடம் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி, அதாவது விரேம். அவர் கார்டில் இருந்ததே மொத்தம் 4 ஜிபிதான். அது நிரம்பினால் மிச்சம் ரேமுக்கு வழிந்து, அங்கிருந்து ஒவ்வொரு முறையும் கார்டுக்குப் போய்வர வேண்டும். அந்த வழி மெதுவானது, அதனால்தான் திக்கல். படங்களை 128க்கு 128 ஆகக் குறைத்தோம். ஒன்றுக்கு 64 கேபி, ஆயிரத்துக்கும் சேர்த்து 64 எம்பிக்குள் அடங்கிவிட்டது. பட்டாலையில் நடக்கும்போது பூவும் கரையும் தெளிவாகவே தெரிந்தன. அவர் எதுவும் வாங்காமல் போனார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரிய கேம்களிலும் இதே கதைதான். 4கே என்று போட்டிருக்கும் மாட் படம், அதாவது 4096க்கு 4096 புள்ளி, சுருக்காமல் 64 எம்பி, கார்டுக்கு ஏற்றபடி சுருக்கினால் 16 எம்பி. 2கே என்றால் அதில் கால்வாசி. ஒரு பாறைக்கும் ஒரு பானைக்கும் 4கே தேவையா என்று யோசித்துப் போடுங்கள்.

ரேம் கூட்டியும் பயனில்லாத கேம்களும் உண்டு. 2005-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், 2011-ல் வந்த பழைய ஸ்கைரிம் இரண்டும் 32 பிட் நிரல்கள். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜிபி. அதற்கு அப்பால் ஒரு பைட் இருப்பதே அந்தக் கேமுக்குத் தெரியாது. 2 ஜிபிக்கு மேல் எடுக்கலாம் என்ற அனுமதிக் குறி இல்லாத 32 பிட் நிரலுக்கு விண்டோஸ் 2 ஜிபிதான் கொடுக்கும். ஸ்கைரிமில் நிறைய மாட் போட ஆசைப்பட்டால் 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு மாறுங்கள், அது 64 பிட்.

உண்மையிலேயே ரேம் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஆயிரக்கணக்கில் கட்டடங்களை இறக்கி நகரம் கட்டுபவர்களுக்கு 16 போதாது. அவர்கள் 32 கேட்டால் மறுபேச்சின்றிப் போட்டுத் தருவேன். கல்யாண வீட்டில் சாமான் பரப்புவது போலத்தான் இதுவும். அறைக்குள் எவ்வளவு பூட்டி வைத்திருந்தாலும் பரப்ப வளவில் இடம் வேண்டும். அறை டிஸ்க், வளவு ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக்கோடு ஆடுகிறவர்களும் இந்தக் கூட்டம்தான். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த 8-லிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சில கணினிகளில் விண்டோஸுக்கு 6 ஜிபிகூட முழுதாகத் தெரியாது. அவர்கள் அதே வகை ஸ்டிக் இன்னொன்று போட்டால் இடமும் கூடும், இரண்டு பாதையில் தரவு ஓடுவதால் வேகமும் கூடும். எனக்குக் கேட்டால் அந்தப் பணம்தான் மிக நல்ல செலவு. 64 ஜிபியை மாட் கேமுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேம் தீரும்போது விண்டோஸ் ஒதுங்க வைத்திருக்கும் இடம் அது. அதை அணைத்தால் கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளக்கூடும். அந்த பேஜ் ஃபைல் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் கணினி கரகரவென்று தவிக்கும். அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி.

வரும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாகத் திக்கும் இடம்வரை ஆடிவிட்டு, கேமை மூடாமல் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். மெமரி என்ற இடத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஜிபியு (கிராஃபிக்ஸ்) என்ற இடத்தில் டெடிகேட்டட் மெமரி, அதாவது விரேம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டு படம் போதும், பாதிப் பேருக்குக் கல்லாப்பெட்டிப் பக்கமே வராமல் பதில் சொல்லிவிடுவேன்.

அதிலும் தெரியாவிட்டால் கணினியைக் கொண்டுவாருங்கள். கேமையும் மாட்களையும் நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அரை மணி நேரம் இங்கேயே ஆடிக் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. லேப்டாப் என்றால் சார்ஜரை மறக்காதீர்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. அதனால் மாடல் எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் செலவு மிச்சம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
காரைக்குடி