கடற்பசுப் பாதுகாப்பகக் கரையோர கிராமங்களுக்கு மானிய நிதி கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மீனவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், பள்ளி ஆசிரியர்கள்,
சேதுபாவாசத்திரம் ஒன்றியக் கடலோர கிராமங்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: கடற்புல் மீட்புக்கும் பள்ளிகளில் கடல்சார் சுற்றுச்சூழல் கல்விக்கும் நிதி பெற வழிசெய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதை நாங்கள் வரவேற்றோம். எங்கள் பெரியவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த உயிர் வலையில் சிக்கினால், மூச்சு வாங்க மேலே வரமுடியாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். உயிரோடு விடவேண்டுமானால் வலையை அறுக்கவேண்டும். அறுத்ததைத் தைத்து முடிக்கும்வரை அந்தப் படகுக்குத் தொழில் கிடையாது. இருந்தும் அறுத்து விடுகிறோம். அப்படி விடுவிப்போரை வனத்துறை பாராட்டி ரொக்கம் வழங்குவதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

சிக்கியதை விடுவித்தால் மட்டும் போதாது. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலை உழுதுபோட்ட இடங்களில் அந்தப் புல்லை மீண்டும் நட முடியும். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வேரோடு கூடிய புல் துண்டுகளை அதில் முடிந்து, நீர் வற்றும் நேரம் பார்த்து ஆழம் குறைந்த இடத்தில் இறக்கி வைக்கும் முறை இதே பாக் விரிகுடாவில் செய்து பார்க்கப்பட்டதுதான். முடிச்சுப் போட எங்கள் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான் என்பதால், இது எங்கள் பிழைப்பைக் காக்கும் வேலையும்கூட.

பள்ளிகளின் நிலை வேறு. எங்கள் பிள்ளைகள் புலியையும் யானையையும் அழகாக வரைவார்கள். கரையை அடுத்துள்ள கடற்புல் வெளியைப் பார்த்ததில்லை. பள்ளிச் சூழல் மன்றங்களுக்கான தேசிய பசுமைப் படை வழியாக ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று வந்த மானியம் மரக்கன்றுக்கும் பேரணிப் பதாகைக்கும் சரியாகப் போய்விட்டது. படகு, உயிர்காப்புச் சட்டை, நீருக்குள் பார்க்கும் கண்ணாடி, கூட வரும் மீனவருக்கு அன்றைய கூலி என்று கணக்குப் போட்டால் அது எந்த மூலைக்கு?

பணம் இல்லாமல் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். சுற்றுச்சூழலும் அதில் அடங்கும். அரசின் காலநிலை மாற்ற இயக்கமும், கடலோர வளங்களை மீட்பதற்கான நெய்தல் மீட்சித் திட்டமும் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பிக்கப் போனால் பதிவு உண்டா, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்று உண்டா, மூன்றாண்டு அனுபவம் உண்டா, தணிக்கை அறிக்கை எங்கே என்று கேட்கிறார்கள். படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் இத்தனையும் கையில் வைத்திருப்பவை நகரத்து அமைப்புகளே. அவற்றில் சில, நிதி பெற்று வந்து, ஒரு நாள் பயிற்சி நடத்தி, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவதையும் பார்த்துவிட்டோம்.

எனவே, உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-இன்படி ஊராட்சிகளில் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களின் உள்ளூர் நிதிக் கணக்கு வழியாக மானியம் பெற்றுச் செலவிட எங்களை அனுமதிக்க வேண்டுகிறோம். கணக்கை ஊராட்சித் தணிக்கையோடு சேர்த்தே சரிபார்க்கலாம்; கிராம சபையிலும் வாசிக்கிறோம். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குத் தாங்களே தலைமை வகிப்பதால், விண்ணப்பம் தயாரிக்க உதவும் அலுவலர் ஒருவரை நியமித்து, படிவங்களைத் தமிழில் தரச் செய்யவேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் தரவேண்டிய மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாகத் திரட்ட எங்களால் இயலாது. படகையும் உழைப்பையும் மக்கள் பங்களிப்பாக ஏற்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36பி பிரிவு, பாதுகாப்பக மேலாண்மைக் குழுவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் இடம் தருகிறது. நிதியை எங்கே, எதற்குச் செலவிடுவது என்பதை அந்தக் குழுவில் எங்கள் பிரதிநிதிகளைக் கேட்டே முடிவுசெய்ய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கடற்புல் நடவுக்கான செலவு மதிப்பீடு, பள்ளிகளின் ஒப்புதல் கடிதங்கள், கையொப்பப் பட்டியல்.

இடம்: மல்லிப்பட்டினம்

இப்படிக்கு,
கடலோர கிராம மக்கள்