உள்ளங்கை அரிப்பைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வயிறு அரித்தால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும்" என்று எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். என் மருமகளிடமும் சொன்னேன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். ராத்திரி ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். தூங்க முடியாமல் குளிர்ந்த தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோலில் தடிப்போ பருவோ கிடையாது. சூடு என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பக்கத்து மருந்தகம் ஒன்றிலும் வறண்ட தோல் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் வீணாகப் போனது. மகப்பேற்று மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தபிறகுதான் கோளாறு கல்லீரலில் என்று தெரிந்தது. கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் (cholestasis) என்று அதற்குப் பெயர்.

மாதம் ஏற ஏற ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் உடலில் பல மடங்கு கூடுகின்றன. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் வேலையும் கல்லீரலுக்குத்தான். கல்லீரல் செல்கள், கொழுப்பு செரிக்க உதவும் பித்த அமிலத்தைப் பித்தக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே செல்லின் சவ்வில் புரதத்தாலான நுண்ணிய பம்புகள் உண்டு. சில பெண்களுக்கு மரபணுவிலேயே சிறு வேறுபாடு இருக்கும். ஹார்மோன் கூடும்போது அந்தப் பம்புகள் மந்தமாகிவிடும். வெளியேற வழியில்லாத பித்த அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. அரிப்பும் இதையொட்டியே வருகிறது. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு ஹார்மோன் அதிகம், அதனால் இதற்கான வாய்ப்பும் அதிகம். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களிடம் இது சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெரும்பாலானவர்களுக்குக் கண்ணோ தோலோ மஞ்சளாவதில்லை. அதனால் யாருக்கும் கல்லீரல் நினைவுக்கு வருவதில்லை. தாய்க்கு அரிப்புதான், ஆபத்து குழந்தைக்கு. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டிவிட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. என் மருமகளுக்கு 62 இருந்தது. வாரந்தோறும் ரத்தம் பார்த்து, 38ஆவது வாரத்தில் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பேத்தி நலமாக இருக்கிறாள். அரிப்பும் சில நாளில் நின்றுவிட்டது. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரக்கூடும் என்பதால் இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கும் மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தடிப்பே இல்லாமல் கை, கால் அரித்தால் எண்ணெயோடு நிறுத்திவிடாதீர்கள். வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் பித்த அமில அளவு சேர்ந்து வராது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வாசகி,
ஈசூன்